நெடுக்காக நிறுத்திய திரையில் தமிழ் ஆவணம்: எந்தக் கோளாறுக்கு எந்தத் தீர்வு

மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று ஒரே பார்வையில் தெரியாத திரை தமிழ் எழுதுவதற்கு உதவாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டிதழ், சங்க ஆண்டறிக்கை ஆகியவற்றைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அழைப்பிதழில் 'திருமனம்' என்று இருந்ததை, முழுப் பக்கத்தையும் திரையில் வைத்து மூன்று முறை படித்தும் விட்டுவிட்டேன். அட்டைகள் அச்சாகி வந்த பிறகு பெண்ணின் தாயார் கையில் வாங்கிய நொடியிலேயே அதைக் காட்டினார். அத்தனை அட்டையையும் என் செலவில் மறுபடி அச்சடித்தேன். அந்த வாரமே என் திரையை நெடுக்காக நிறுத்தினேன்.

காரணம் வெறும் கணக்குதான். ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம். வேர்டில் 100 விழுக்காட்டு அளவில் அது ஏறக்குறைய 794 பிக்சல் (திரையின் மிகச் சிறிய புள்ளி) அகலமும் 1123 பிக்சல் உயரமும் பிடிக்கிறது. 1920க்கு 1080 என்ற வழக்கமான 24 அங்குலத் திரை படுத்திருந்தால் உயரம் 1080 பிக்சல். மேலே உள்ள கருவிப்பட்டைக்கும் கீழே உள்ள பணிப்பட்டைக்கும் கொடுத்தது போக, முழுப் பக்கம் தெரிய வேண்டுமானால் 75 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்க வேண்டும். 11 பாயிண்ட் அளவு எழுத்துக்கு அப்போது 11 பிக்சல் உயரம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. ணகரத்தின் சுழிகள் அதற்குள் எப்படி அடங்கும்? அதே திரையை நிமிர்த்தினால் பக்கத்தை 130 விழுக்காடு வரை பெரிதாக்கியும் முழுப் பக்கம் தெரிகிறது. அதே எழுத்துக்கு இப்போது 19 பிக்சல். தாளை விடப் பெரிதாகவே படிக்கலாம்.

இது புதிய யோசனையும் அல்ல. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ஆல்டோ கணினியின் திரையே நிமிர்ந்துதான் இருந்தது. 606 பிக்சல் அகலம், 808 பிக்சல் உயரம். தாளைத் திரையில் காட்ட நினைத்தவர்கள் திரையையும் தாளைப் போலவே நிறுத்தினார்கள்.

என்னைப் பார்த்துத் திரையை நிமிர்த்தியவர்கள் பலர். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்துத் திரை கெட்டுவிட்டது என்பார்கள். போய்ப் பார்த்தால் திரையில் ஒன்றும் கெட்டிருக்காது. திரை மட்டும் நிமிர்ந்திருக்கும். விண்டோஸோ வேர்டோ நாற்காலியோ இன்னும் படுத்த திரைக்கு ஏற்றபடியே இருக்கும். எனக்கு அழைப்பு வந்த கோளாறுகளை இங்கே எழுதுகிறேன். உங்களுடையது எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள்.

திரை திரும்ப மறுக்கிறது, அல்லது மூலை மேசையில் இடிக்கிறது

முதலில் திரையைத் தாங்கியின் உச்சிவரை உயர்த்துங்கள். பிறகு மேல் விளிம்பைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். அதன் பிறகே திருப்ப வேண்டும். தாழ்ந்த நிலையில் திருப்பினால் கீழ் மூலை மேசையில் மோதும், தாங்கியின் கழுத்துக்கும் கேடு. சில தாங்கிகள் ஒரு திசையில் மட்டுமே திரும்பும்; தடை தெரிந்தால் அழுத்தாமல் எதிர்த்திசையில் முயலுங்கள். திருப்புவதற்கு முன் பின்னாலுள்ள கம்பிகளைத் தளர்த்தி விடுங்கள். இழுபட்ட கம்பியால் பிறகு படம் விட்டுவிட்டு வரும், அதற்கும் திரையைத்தான் குறை சொல்வோம்.

மேலும் கீழும் மட்டுமே அசைகிற தாங்கியாக இருந்தால் அது திரும்பப் போவதில்லை. திரையின் முதுகில் சதுரமாக நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அதற்கேற்ற கைத்தாங்கி வாங்கிப் பொருத்தலாம். துளையே இல்லாத திரைகளும் உண்டு. புதிதாக வாங்குவோர் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனாலும் வேறெங்கு போனாலும், காட்சிக்கு வைத்திருக்கும் திரையைக் கடையிலேயே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியின் மேலுள்ள படத்தை நம்பி வாங்காதீர்கள்.

திரை நிமிர்ந்தது, எழுத்து படுத்திருக்கிறது

பெரும்பாலான திரைகள் தாம் திரும்பியதைக் கணினிக்குச் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். விண்டோஸில் முகப்புத் திரையின் வெற்றிடத்தில் வலது சொடுக்கு, டிஸ்ப்ளே செட்டிங்ஸ், டிஸ்ப்ளே ஓரியன்டேஷன், அதில் போர்ட்ரெய்ட். எழுத்து தலைகீழாக வந்தால் ஃபிளிப்ட் என்று சேர்த்து எழுதிய போர்ட்ரெய்ட்டைத் தேர்ந்தெடுங்கள். 15 விநாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே போய்விடும். அதற்குள் சுட்டி வேறு திசையில் ஓடிப் பதற வைக்கும், அப்போது விசைப்பலகையைப் பயன்படுத்துங்கள். மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ், அங்கே ரொட்டேஷன் என்பதில் 90 அல்லது 270.

இரண்டு திரை வைத்திருப்பவர்கள் முதலில் எந்தத் திரையின் படத்தைச் சொடுக்கியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மடிக்கணினித் திரையைத் திருப்பிவிட்டுப் பெரிய திரை திரும்பவில்லை என்று அழைத்தவர் உண்டு. அதே பக்கத்தில் இரண்டு திரைகளின் படத்தையும் இழுத்து, மேசையில் அவை இருக்கும் உயரத்துக்கே பொருத்தி விடுங்கள். இல்லாவிட்டால் சுட்டி ஒரு திரையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது ஓரத்தில் முட்டி நின்றுவிடும்.

அந்தத் தேர்வே மங்கிப்போய்ச் சொடுக்க முடியாமல் இருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். மடித்துத் திருப்பும் வகை மடிக்கணினியில் ரொட்டேஷன் லாக் போட்டிருக்கலாம். அல்லது விண்டோஸைப் புதிதாக நிறுவியபின் வரைகலை டிரைவர் (திரையில் படத்தை வரையும் பகுதியை இயக்கும் மென்பொருள்) இன்னும் ஏறாமல், மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே என்ற அடிப்படை டிரைவரிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். சரியான டிரைவர் ஏறினால் தேர்வு உயிர் பெறும்.

கணினியைப் போட்டவுடன் முதல் சில விநாடிகள் மட்டும் நிறுவனச் சின்னம் படுத்திருப்பது கோளாறே அல்ல. விண்டோஸ் எழுவதற்கு முந்தைய கட்டம் அது. நாம் மாற்றியது அதற்குத் தெரியாது.

எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிகின்றன

தமிழ் எழுத்தைக் கெடுப்பதில் இதுதான் முதலிடம். கண்ணாடியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று கண் மருத்துவரிடம் போகும் முன் இதைப் பாருங்கள்.

திரையின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கவாட்டில் அடுக்கிய மூன்று மெல்லிய பட்டைகளால் ஆனது. 1998இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கிளியர்டைப் என்ற முறை இந்த மூன்று பட்டைகளையும் தனித்தனியே இயக்கி, எழுத்தின் ஓரத்தை மெருகேற்றுகிறது. பட்டைகள் பக்கவாட்டில் இருக்கின்றன என்பதே அதன் அடிப்படை. திரையைத் திருப்பியதும் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுவிடுகின்றன. கிளியர்டைப்போ பழைய கணக்கிலேயே மை தீட்டுகிறது. ககரத்தின் நேர்க்கோட்டுக்கு ஒரு பக்கம் செம்மை, மறுபக்கம் நீலம். புள்ளி எழுத்தின் மேலுள்ள புள்ளி, புள்ளியாகத் தெரியாமல் கறைபோலத் தெரிகிறது. ணகரச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

சோதனை எளிது. ஒரே பத்தியை வேர்டிலும் பிரவுசரிலும் திறந்து பாருங்கள். வேர்டு 2013 முதல் கிளியர்டைப்பைக் கைவிட்டுச் சாம்பல் நிறச் சாயல்களால் மட்டுமே ஓரத்தை மென்மையாக்குகிறது. ஆகவே வேர்டில் எழுத்து சுத்தமாகவும் பிரவுசரில் நிறம் கசிந்தும் இருந்தால் குற்றவாளி கிளியர்டைப்தான். தொடக்கப் பட்டியின் தேடலில் கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதைச் சரிசெய்யும் பக்கம் வரும். முதல் பெட்டியிலுள்ள குறியை எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் மடிக்கணினித் திரையிலும் அது அணைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்; அங்கே எழுத்து சற்று மெலிந்து தெரியலாம். நான் அதை ஏற்றுக்கொண்டேன். மேக் கணினிகளில் 2018இல் வந்த மொஹாவே பதிப்பு முதல் இந்த முறையே பயன்பாட்டில் இல்லை, அதனால் அங்கே இந்தத் தொல்லையும் இல்லை. 4கே திரைகளில் பிக்சல்கள் மிகச் சிறியவை என்பதால் கசிவு கண்ணுக்கே தெரியாது.

நிறம் இல்லாமல் எழுத்து மொத்தமாகவே குழம்பியிருந்தால் அது வேறு கோளாறு. 1920க்கு 1080 வகைத் திரையானால், டிஸ்ப்ளே ரெசல்யூஷன் இப்போது 1080க்கு 1920 என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேறு எந்த எண் இருந்தாலும் திரை படத்தை இழுத்துப் பூசுகிறது என்று பொருள்.

நிமிர்த்தியும் பக்கம் சிறிதாகவே இருக்கிறது

செந்தூலிலிருந்து ஒரு தமிழாசிரியை இப்படித்தான் அழைத்தார். "ஐயா, நீங்கள் சொன்னபடி திருப்பினேன், முன்பை விடவும் சிறிதாகத் தெரிகிறதே" என்றார். போய்ப் பார்த்தேன். இடது பக்கம் நேவிகேஷன் பலகை திறந்திருந்தது. வலது பக்கம் மாணவர் கட்டுரைக்கு அவர் எழுதிய திருத்தக் குறிப்புகள் வரிசையாக நின்றன. நடுவில் ஒடுங்கிய இடத்தில் பக்கம் 50 விழுக்காட்டுக்குச் சுருங்கியிருந்தது.

படுத்த திரையில் அகலம் வீணாகக் கிடக்கும், உயரம் போதாது. நிமிர்ந்த திரையில் அது அப்படியே மாறுகிறது. பக்கவாட்டில் இடம் பிடிக்கும் எதையும் அனுமதிக்கக் கூடாது. மேலும் கீழும் இடம் பிடிப்பவை இருந்துவிட்டுப் போகலாம். நேவிகேஷன் பலகையை மூடுங்கள். ரிவ்யூ தாவலில் ஷோ மார்க்கப், பலூன்ஸ் என்பதற்குப் போய், திருத்தங்கள் எல்லாம் வரிக்குள்ளேயே தெரியும்படி இன்லைன் தேர்வைப் போடுங்கள். அதே தாவலில் ரிவ்யூயிங் பேன் என்பதைச் சொடுக்கிக் கிடைமட்டமாகத் திறந்தால் திருத்தங்களின் பட்டியல் பக்கத்தின் அடியில் வந்து அமரும். படுத்த திரையில் யாரும் தொடாத தேர்வு இது. நிமிர்ந்த திரைக்கோ அளவெடுத்துத் தைத்ததைப் போலப் பொருந்துகிறது. ஆசிரியைக்கு அன்று இது ஒன்றே போதுமாக இருந்தது.

அடுத்து டிஸ்ப்ளே செட்டிங்ஸில் உள்ள ஸ்கேல் என்ற அமைப்பு. விண்டோஸ் 150 விழுக்காட்டில் வைத்திருந்தால் 1080 பிக்சல் அகலம் 720க்கு நிகராகிவிடும். கருவிப்பட்டையின் பொத்தான்கள் தொகுதி தொகுதியாக மடங்கி ஒளிந்துகொள்வது இதனால்தான். 24 அங்குலத் திரைக்கு 100 போதும். எழுத்தைப் பெரிதாக்க விரும்பினால் வேர்டின் ஸூமை மாற்றுங்கள்.

வியூ தாவலில் பேஜ் மூவ்மென்ட் என்ற இடத்தில் வெர்டிகல் என்று இருக்க வேண்டும். சைடு டு சைடு என்றிருந்தால் பக்கங்கள் புத்தகம்போல அருகருகே வரும், ஸூமையும் மாற்ற விடாது.

மலாய்ச் சுற்றறிக்கையைப் பார்த்துத் தமிழில் மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு சொல். விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்தினால், நிமிர்ந்த திரையில் மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிக்கும் வடிவங்கள் வரும். மேலே மலாய், கீழே தமிழ். இரண்டும் முழு அகலத்தில், வரி உடையாமல் நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அவற்றைப் பக்கவாட்டுப் பாதிக்குள் அடைத்தால் வரிக்கு நான்கு சொல்தான் தேறும், இருபக்கமும் சீராக்கிய பத்தியில் சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும்.

அச்சில் பக்கம் குறுக்காக வந்துவிட்டது

திரையைத் திருப்புவதற்கும் தாளின் திசைக்கும் தொடர்பே இல்லை. விண்டோஸில் இருக்கும் ஓரியன்டேஷன் திரைக்கு. வேர்டின் லேஅவுட் தாவலில் இருக்கும் ஓரியன்டேஷன் தாளுக்கு. பெயர் ஒன்றாக இருப்பதால் கோயில் செயலாளர் ஒருவர் தைப்பூச மலரின் கோப்பு முழுவதையும் குறுக்காக மாற்றிவிட்டு, திரை கோளாறு என்றே உறுதியாக நம்பினார். அங்கே போர்ட்ரெய்ட் என்று திருப்பிப் போட்டதும் சரியாயிற்று. அதற்குப் பக்கத்திலேயே சைஸ் என்பதையும் பாருங்கள். அமெரிக்க லெட்டர் அளவில் இருந்தால் அதன் உயரம் 279.4 மில்லிமீட்டர்தான், ஏ4க்கு மாற்றும்போது பக்கங்கள் நகரும்.

அச்சகத்துக் கணினியில் பக்கம் வேறு மாதிரி முறிகிறது

இதற்கும் திரை காரணம் அல்ல. எழுத்துரு காரணம். லதா எழுத்துருவில் எழுதிய பழைய கோப்புகள் நம்மிடம் ஏராளம். விண்டோஸ் 10 முதல் லதா தானாக வருவதில்லை, தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற தொகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இல்லாத கணினியில் வேறோர் எழுத்துரு அந்த இடத்தைப் பிடிக்கும். அகலம் மாறும், வரி மாறும், பக்கம் மாறும். அச்சகத்துக்கு எப்போதும் பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள்.

ஒரு கண்ணுக்குப் பளிச்சென்றும் மறு கண்ணுக்கு மங்கலாகவும் இருக்கிறது

பழைய அலுவலகங்களிலிருந்து வரும் மலிவான திரைகளில் டிஎன் வகை அதிகம். அவற்றை மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறும். திருப்பியதும் அந்த மேல்கீழ் இப்போது இடவலம் ஆகிறது. இரண்டு கண்ணும் இரண்டு கோணத்தில் பார்க்கின்றன. இதற்கு அமைப்பு எதுவும் கிடையாது. திரைக்கு நேர் எதிரே, சற்றுத் தள்ளி உட்காரலாம். ஆனால் நாள் முழுவதும் மெய்ப்புப் பார்க்கிறவர், கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரைக்கு மாறுவதே நல்லது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

உருட்டும்போது வரிகள் சாய்கின்றன

திரை தன் படத்தை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை வரி வரியாகப் புதுப்பிக்கிறது. 60 ஹெர்ட்ஸில் அதற்கு விநாடியில் 60இல் ஒரு பங்கு நேரம். திருப்பிய திரையில் அந்தப் புதுப்பிப்பு இடவலமாக நடக்கிறது. அதனால் வேகமாக உருட்டினால் வரியின் ஒரு முனை முந்துவதைப் போலத் தோன்றும். சிலருக்குத் தெரியவே தெரியாது, சிலருக்குத் தலை சுற்றும். 75 ஹெர்ட்ஸ் இருந்தால் போடுங்கள். இல்லையேல் உருட்டாமல் பேஜ் டவுன் விசையால் பக்கம் பக்கமாகப் போங்கள். முழுப் பக்கமும் கண் முன்னே இருக்கும்போது உருட்டும் தேவையும் குறைந்துவிடுகிறது.

கழுத்து வலிக்கிறது

24 அங்குலத் திரையை நிமிர்த்தினால் அதன் உயரம் ஏறக்குறைய 53 சென்டிமீட்டர். 27 அங்குலம் என்றால் 60. இதைத் தாங்கியில் தூக்கி வைத்தால் மேல் விளிம்பு எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் மேசையிலிருந்து என் கண் 46 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு டேப் எடுத்து உங்களுடையதையும் அளந்துகொள்ளுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு அருகில், முடிந்தால் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அதற்குத் திரையின் அடி விளிம்பு மேசையைத் தொடும் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். இறங்கட்டும். அப்படியும் உயரமாக இருந்தால் நாற்காலியை ஏற்றிக் காலுக்கு ஒரு பலகை போடுங்கள். வேர்டு சாளரத்தைத் திரையின் கீழ் முக்கால் பங்கில் வைத்துக்கொண்டு, மேல் பகுதியில் கடிகாரம், செய்திகள் போன்ற எப்போதாவது பார்ப்பவற்றை வைப்பதும் ஒரு வழி.

தூரப் பார்வையும் கிட்டப் பார்வையும் ஒரே கண்ணாடியில் வைத்திருப்பவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். கிட்டப் பார்வைக்கான பகுதி கண்ணாடியின் அடியில் இருக்கிறது. உயர்ந்த திரையின் மேல் வரியைப் படிக்க அவர்கள் மோவாயைத் தூக்குகிறார்கள். ஒரு மணி நேரத்தில் பிடரி பிடித்துக்கொள்கிறது. கிள்ளானில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதனாலேயே நிமிர்ந்த திரையைக் கைவிட இருந்தார். திரையை மேசைமட்டத்துக்கு இறக்கி, மேல் பகுதியைப் பின்னால் சாய்த்து வைத்தோம், சாய்வுப் பலகையில் வைத்த நோட்டுப் புத்தகத்தைப் போல. மோவாய் தானாக இறங்கியது. சாய்த்ததும் மேற்கூரைக் குழல்விளக்கு திரையில் விழுந்தது. மேசையை ஒன்றரை அடி நகர்த்தினோம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் வேலை ஓடவில்லை

அப்படியானால் உங்கள் வேலை என்ன என்று கேட்பேன். தொடர்ந்த உரைநடை, கடிதம், கட்டுரை, கவிதை, மெய்ப்பு என்றால் ஒரு வாரம் பொறுங்கள், கண் பழகிவிடும். அகலமான அட்டவணைகளோடு பழகுகிறவருக்கு நிமிர்ந்த திரை ஒத்துவராது. மேலே சொன்ன கோயில் செயலாளர் மலர் வேலை முடிந்தபின் மறுபடி அழைத்தார். இப்போது அவர் முன்னால் இருந்தது ஆண்டுக் கணக்கு: தேதி, ரசீது எண், நன்கொடையாளர் பெயர், தொகை, வங்கி, குறிப்பு என்று பதினான்கு நெடுவரிசைகள். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருந்தார். திரையை உயர்த்தி, சாய்த்து, கம்பியைத் தளர்த்தி, பழையபடி படுக்க வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த தைப்பூச மலருக்கு அவரே நிமிர்த்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.